தாகம் எடுத்தா ஞானம் வரும்!

காலை ஏழு மணி. புளியந்தோப்பில் ஒரு வீடு. உங்களை மாதிரி ஒரு காலேஜ் பையன் அவசர அவசரமா நாலு பக்கெட் தண்ணியைத் தலையில் ஊத்திக்கிட்டு, துண்டோடு ஓடுறான். ஃபர்ஸ்ட் அவர் அட்டெண்டன்ஸ் அவனுக்கு. அந்த நாலு பக்கெட் தண்ணி எங்கே போகுதுன்னு அவனும் யோசிச்சதில்லை, நாமும் யோசிச்சதில்லை.

வடசென்னையின் கழிவுநீர் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுது. பயணம் அங்கேயே முடிஞ்சிடும்னு நினைச்சீங்கன்னா தப்பு. அதில் ஒரு பகுதி இன்னும் நல்லாச் சுத்தமாகி, பைப் ஏறி மணலிக்குப் போகுது. அங்கே உரத் தொழிற்சாலையிலும் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையிலும் கொதிகலனுக்கும் குளிரூட்டவும் பயன்படுது. சாயங்காலம் ஃப்ரெண்டு பைக்குக்கு நீங்க நூறு ரூபாய்க்குப் போடுற பெட்ரோலில் புளியந்தோப்புக் குளியலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் பாஸ்!

'அட, கம்பெனிகளுக்கு என்ன ஒரு சுற்றுச்சூழல் அக்கறை'ன்னு கைதட்டத் தோணுதா? கொஞ்சம் பொறுங்க. அந்த அக்கறை எப்படி வந்தது என்பதில்தான் மேட்டரே இருக்கு.

தாகம் போட்ட கையெழுத்து

1965ல் மெட்ராஸ் ரீஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கி, பிறகு சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆன சி.பி.சி.எல்.லும், பக்கத்திலேயே இருக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸும் ஊர்ச் சாக்கடைத் தண்ணியை வாங்கிச் சுத்தம் பண்ணிப் பயன்படுத்த ஆரம்பிச்சது 1990களின் தொடக்கத்தில். 'கார்ப்பரேட் பொறுப்பு' என்ற வார்த்தை நம்ம பத்திரிகைகளுக்கே சரியா அறிமுகம் ஆகாத காலம் அது. பசுமை விருது வாங்கவா செஞ்சாங்க? இல்லை. தண்ணி இல்லை, அவ்வளவுதான்!

சென்னையின் தண்ணிக் கஷ்டம் உங்க அம்மாவைக் கேட்டாலே தெரியும். குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த தலைமுறை அது. ஊருக்கே குடிக்கத் தண்ணி இல்லாதப்போ தொழிற்சாலைக்கு யார் தருவா? தண்ணி நின்னா கொதிகலன் நிற்கும், கொதிகலன் நின்னா ஆலையே நிற்கும். ஒரு நாள் நின்னா எத்தனை கோடி நஷ்டம்னு மேனேஜ்மென்ட்டுக்கு நல்லாத் தெரியும். அந்தக் கணக்கைப் பக்கத்தில் வெச்சுப் பார்த்தா, சாக்கடையை வாங்கி வடிகட்டி, சவ்வூடு பரவல் முறையில் உப்பைப் பிரிக்கும் செலவு சின்னதா ஆயிடுச்சு.

பின்னாடி இதே வேலையைக் குடிநீர் வாரியமே பெரிசாச் செய்ய ஆரம்பிச்சது. 2019 கோடை ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, சில ஐ.டி. கம்பெனிகள் 'வீட்டிலிருந்தே வேலை பாருங்க'ன்னு சொன்ன கோடை. அதே வருஷம் கொடுங்கையூரில் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரிச்சு மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் வந்தது. தொழிற்சாலை சாக்கடையைக் குடிச்சா, ஏரித் தண்ணி நமக்கு மிச்சம். உண்மையிலேயே நல்ல விஷயம்தான்.

நல்ல விஷயம் நடக்க நல்ல மனசு தேவைப்படலைங்கிறதை மட்டும் குறிச்சு வெச்சுக்குங்க. கம்பெனியின் தொண்டையே வறண்டதால் நடந்தது. அடுத்தவன் தொண்டை வறண்டா என்ன ஆகும்? அதுக்கு ஆட்டுத்தொட்டி வரைக்கும் போயிட்டு வரலாம், வாங்க.

ஜெர்மன்காரன் மோந்து பார்த்த செருப்பு

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி தெரியாதவங்க வடசென்னையில் கிடையாது. கறி கடைக்குப் போயிடும். தோல்? பக்கத்திலேயே பெரியமேடு. தமிழ்நாட்டுத் தோல் வியாபாரத்தின் பழைய பெரிய மார்க்கெட். அங்கிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, அப்புறம் கப்பல் ஏறி ஐரோப்பா.

1989ல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனத்துக்குத் தடை. ஈரத் தோலில் பூஞ்சை பிடிக்காம இருக்க நம்ம ஆட்கள் காலங்காலமாப் போட்டுவந்த மலிவான மருந்து அது. ஒரு கிலோ சரக்கில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தா விற்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ஏற்றுமதியாளர்கள் ஆடிப்போயிட்டாங்க. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் களத்தில் இறங்கிச்சு. மாற்று மருந்து விலை அதிகம், பரவாயில்லைன்னு வாங்கினாங்க. சில வருஷங்களில் பழைய மருந்து ஏற்றுமதித் தோலிலிருந்து காணாமப் போச்சு. அடுத்து 1994ல் சில அசோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை போட்டப்போ, சாயமும் மாறிச்சு.

சூப்பர் இல்லையா? ஆனா அதே நேரத்தில் பாலாறு என்ன நிலைமையில் இருந்தது தெரியுமா? அதே தோல் ஷாப்புகளின் கழிவு அதே வருஷங்களில் ஆத்துக்கும் வயலுக்கும் போய்க்கிட்டே இருந்தது. ஏன்னா ஜெர்மன்காரர் தன் காலில் போடும் ஷூவில் விஷம் இருக்கானுதான் பார்த்தார். வாணியம்பாடிக் கிணத்தில் விஷம் இருக்கானு பார்க்கலை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, அது அவர் ஊர்க் கிணறு இல்லையே!

கிணத்துக்காரங்கதான் கோர்ட்டுக்குப் போனாங்க. 1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாவோ பாதியாவோ கெட்டுப்போயிருப்பதா அந்தத் தீர்ப்பே குறிப்பிடுது. 'கெடுத்தவனே காசு கொடுக்கணும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியா வேர்பிடிச்சது அதிலிருந்துதான். சட்டம் படிக்கிறவங்க இதை மனப்பாடமே பண்ணியிருப்பீங்க. பாடப்புத்தகத்தில் வராத மிச்சம் இது: 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாறுக்காக, இழப்பீட்டையும் சுத்தப்படுத்துறதையும் பற்றி மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஷூ மாற சில வருஷம். ஆறு மாற இருபத்தொன்பது வருஷம் போதலை.

திருப்பூர் கதையை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, அதனால் சுருக்கமா. நொய்யல் விவசாயிகள் வழக்கு மேல் வழக்கு போட்டு, கடைசியில் 2011 ஜனவரி 28ல் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்ற தொழில்நுட்பத்துக்கு ஊரே மாறினது அந்தப் பூட்டுக்கு அப்புறம்தான். இன்னைக்கு வெளிநாட்டு பிராண்டுகளிடம் திருப்பூர் பெருமையாக் காட்டும் முதல் விஷயமே அதுதான். பூட்டு போட்ட புதிதில் சாயம் போடுற வேலை சத்தமில்லாம பக்கத்து மாவட்டங்களுக்கு ஓடினதும் உண்டு. அதை பிராண்டுகளிடம் யாரும் காட்டுறதில்லை.

'முதல்ல சம்பாதிப்போம், அப்புறம் கழுவுவோம்'

எக்கனாமிக்ஸ் வகுப்பில் தூங்காதவங்களுக்கு ஒரு கோடு ஞாபகம் வரும். ஏழை நாடு வளர வளர முதலில் அழுக்கு ஏறும். பணக்கார நாடானதும் அழுக்கு தானா இறங்கும். கவிழ்த்துவெச்ச கிண்ணம் மாதிரி ஒரு வளைகோடு. 'நாம இன்னும் ஏறுமுகத்தில் இருக்கோம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்'னு பேசும் பெரியவங்க எல்லாம் இந்தக் கோட்டைத்தான் கையில் வெச்சிருக்காங்க.

எனக்கு அந்தக் கோட்டில் நம்பிக்கை கம்மி. 1996ல் ஷியோலி பர்கல், டேவிட் வீலர் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் இந்தோனேசியத் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஒரே நாடு, அதே சட்டம். ஆனா சுத்தி இருக்கும் மக்கள் வசதியும் படிப்பும் உள்ளவங்களா இருந்தா ஆலை ஒழுங்கா நடந்துக்குது. ஏழைகளா, படிக்காதவங்களா இருந்தா அதே மாதிரி ஆலை தண்ணியில் அதிக அழுக்கைக் கலக்குது. அழுக்கு எவ்வளவுங்கிறதை நாட்டின் சராசரி வருமானம் மட்டும் முடிவு பண்ணலை. கேட் வாசலில் வந்து சத்தம் போடக்கூடியவங்க யாருங்கிறதும் சேர்ந்து முடிவு பண்ணுது.

அதே இந்தோனேசியா 1995ல் ஒரு வேலை செஞ்சது. கம்பெனிகளுக்கு மார்க் போட்டு, கலர் கொடுத்தாங்க: தங்கம், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. முதல் சுற்றில் 187 ஆலைகள். ஏறக்குறைய மூன்றில் ரெண்டு பங்கு ஃபெயில்! அரசாங்கம் பாஸானவங்களை மட்டும் முதலில் மேடையேத்திப் பாராட்டிட்டு, மத்தவங்களைப் பார்த்து 'ஆறு மாசம் டைம், அப்புறம் உங்க பேரையும் வெளியிடுவோம்'னு சொல்லிச்சு. புது அபராதம் இல்லை, ஜெயில் இல்லை. இருந்தும் பல ஆலைகள் அவசர அவசரமா கலரை மாத்திக்கிட்டாங்க. அரியர்ஸ் லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவாங்கன்னா நாம எப்படிப் படிப்போம்? அதே கதைதான்.

நம்ம மணலிக்கும் மார்க் வந்தது. 2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பேட்டைகளுக்குக் குறியீட்டெண் போட்டப்போ மணலிக்குக் கிடைச்சது 76.32. எந்தப் பரீட்சையிலும் சந்தோஷப்பட வைக்கும் மார்க். ஆனா இங்கே 70க்கு மேல் போனா 'மிக மோசமா மாசடைந்த இடம்'னு அர்த்தம். இப்படி மாட்டின 43 இடங்களில் புதுத் திட்டத்துக்கும் விரிவாக்கத்துக்கும் 2010 ஜனவரியில் மத்திய அரசு தடை போட்டது. பிறகு செயல்திட்டங்கள் கொடுத்துத் தடையிலிருந்து வெளியே வந்தாங்க. கவனிங்க, அந்த மார்க் ஊருக்கு. எந்த ஆலை எவ்வளவு அழுக்குன்னு பேர் சொல்லும் மார்க் இல்லை. கிளாஸ் மொத்தத்துக்கும் ஒரே மார்க் போட்டா எவன் வெட்கப்படுவான்?

பேசின் பிரிட்ஜில் ட்ரெயின் ஏறினா

இப்போ கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிங்க. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். பேசின் பிரிட்ஜிலிருந்து ரொம்ப தூரமில்லை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் அங்கேதான். இறாலும் நண்டும் நம்பிப் பிழைக்கும் மீனவ கிராமங்கள் சுத்திலும்.

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். புளியந்தோப்பில் உங்க வீட்டுக்குள் முழங்கால் தண்ணி நின்னிருக்கும், மறந்திருக்க மாட்டீங்க. அதே வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் கலந்த தண்ணி பக்கிங்காம் கால்வாய் வழியா வந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிச்சு. வீட்டுச் சுவர், படகு, வலை எல்லாத்திலும் கறுப்புப் பிசின். இறகில் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்கள். தங்கள் குழாயில் கசிவு இல்லைன்னு சி.பி.சி.எல். சொன்னது, அதன் வளாகத்திலிருந்துதான் எண்ணெய் வெள்ளத்தோடு போச்சுன்னு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. முதல் சில நாள் எண்ணெயை அள்ளினவங்களில் பெரும்பாலானவங்க யார்? மீனவர்களே. எதில் அள்ளினாங்க? பக்கெட்டிலும் மக்கிலும்.

கதையின் ஆரம்பத்தில் சாக்கடையைச் சுத்தம் பண்ணிக் குடிச்ச அதே கம்பெனி! தண்ணி உள்ளே வரும் வாசலில் சவ்வூடு பரவல். வெளியே போகும் வாசலில் மீனவர் கையில் மக். ரெண்டு வாசலிலும் ஒரே மேனேஜ்மென்ட், ஒரே இன்ஜினீயர்கள். திறமைக்குக் குறைச்சலே இல்லை. உள்ளே வரும் தண்ணி நின்னா ஆலைக்கு நஷ்டம். வெளியே போகும் தண்ணி கெட்டா நஷ்டம் வேற ஒருத்தருக்கு. பாதிக்கப்பட்ட 9,001 குடும்பங்களுக்கும் 787 படகுகளுக்குமா தமிழக அரசு அறிவிச்ச நிவாரணம் மொத்தம் 8.68 கோடி ரூபாய். அதிகபட்சமா ஒரு குடும்பத்துக்கு 12,500. ஒரு செமஸ்டர் ஃபீஸ்கூட வராது.

அந்த மாசமே, 26ஆம் தேதி ராத்திரி, பெரியகுப்பம் பக்கத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிஞ்சது. தூக்கத்தில் மூச்சுத் திணறி ஜனங்க ஓடினாங்க, பலர் ஆஸ்பத்திரியில். இந்தத் தடவை கிராமங்கள் விடலை. 33 மீனவ கிராமங்கள் சேர்ந்து ஆலை முன்னாடி உட்கார்ந்தாங்க, நூறு நாளைத் தாண்டியும். ஆலை மாசக்கணக்கில் மூடிக் கிடந்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு அப்புறம் 2024 ஆகஸ்டில் திறந்தது. வாரியம் கணக்குப் போட்ட சுற்றுச்சூழல் இழப்பீடு 5.92 கோடி. அந்தக் கோடியைவிட மூடிக் கிடந்த மாசங்கள்தான் கம்பெனிக்கு வலிச்சிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் வடக்கே போனா வடசென்னை அனல்மின் நிலையம். நிலக்கரிச் சாம்பலில் ரெண்டு வகை. புகைபோக்கிக்கு முன்னாடி பிடிக்கும் உலர் சாம்பலைச் சிமென்ட் கம்பெனிகள் காசு கொடுத்து அள்ளிக்கிட்டுப் போகும். தண்ணியில் கரைச்சுக் குழாய் வழியா செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்பும் ஈரச் சாம்பலுக்கு அப்படி ஆள் கிடையாது. குழாய் ஓட்டையாகி ஆத்தில் வருஷக்கணக்கில் கொட்டினது இந்த ரெண்டாவதுதான். மீனவர்கள் தரப்பு தொடுத்த வழக்கில் 2022 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயம் மின் கழகத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பு சொன்னது. ஒரே அடுப்புச் சாம்பல்தான், விலை இருக்கிறது லாரி ஏறுது, விலை இல்லாதது ஆத்தில் இறங்குது!

சோப்பு வாங்குறவங்களுக்கு இருக்கும் பவர்

'எல்லாத்துக்கும் கோர்ட்டா? நம்ம கையில் ஒண்ணுமே இல்லையா?'ன்னு கேட்கிறீங்க. ஒரு பாட்டு ஜெயிச்ச கதை இருக்கு. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவு வெளியே வந்த விவகாரத்தில் 2001ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் நியாயம் கேட்டு அலைஞ்சாங்க. 2015 ஜூலையில் சென்னைப் பொண்ணு சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாட்டு போட்டாங்க. இணையத்தில் பத்திக்கிச்சு, யூனிலீவரின் உலகத் தலைவரே பதில் சொல்ல வேண்டிய நிலைமை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு. பாட்டு மட்டும் செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன்; பதினஞ்சு வருஷப் போராட்டம் பின்னாடி நின்னது. ஆனா கடைசித் தள்ளு அதுதான்.

அது பலிச்சதுக்கு ஒரு காரணம், அந்தக் கம்பெனியின் சோப்பு உங்க பாத்ரூமில் இருக்கு. எண்ணூரின் சிக்கலே இங்கேதான். எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2017ல் பாடின 'புறம்போக்கு' பாட்டும் நல்லாத்தான் பரவிச்சு. ஆனா 'இனிமே அனல்மின் நிலையத்துக் கரன்ட் வேணாம்'னு நீங்க ஃபேனை நிறுத்த முடியுமா? மணலி பெட்ரோலுக்குத் தனி பிராண்டா இருக்கு, புறக்கணிக்க? வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடையாது, உள்ளூர் வாடிக்கையாளரான உங்களுக்கு வேற சாய்ஸ் கிடையாது. மிச்சம் இருக்கிறது கோர்ட், வாரியம், கேட் வாசலில் உட்காரும் கிராமம்.

உங்க கையில் இருக்கும் சின்னச் சமாச்சாரம் ரெண்டு சொல்றேன். ஒண்ணு, கேம்பஸ் இன்டர்வியூ. வரும் கம்பெனி பங்குச் சந்தையின் முதல் ஆயிரத்தில் ஒண்ணா இருந்தா, 2022-23லிருந்து செபி விதிப்படி ஆண்டறிக்கையில் பொறுப்பு அறிக்கை கொடுத்தாகணும். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்து லோகோ ஒட்டின போட்டோவைத் தாண்டிப் போங்க. அது 2013 கம்பெனிச் சட்டத்தின் ரெண்டு சதவீதக் கணக்கு. 'கொள்கை 6' என்ற பகுதியில் எவ்வளவு தண்ணி எடுத்தாங்க, எவ்வளவு கழிவு விட்டாங்கன்னு இருக்கும். 'எனி கொஸ்டின்ஸ்?'னு ஹெச்.ஆர். கேட்கும்போது அதிலிருந்து ஒண்ணு கேளுங்க. வேலை போயிடுமோன்னு பயமா? உண்மையைச் சொன்னா, எனக்கும் அந்த வயசில் இருந்திருக்கும்.

இன்னொண்ணு, பொது விசாரணை. பெரிய ஆலையோ துறைமுக விரிவாக்கமோ வந்தா, 2006 அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தணும். முப்பது நாள் முன்னாடி பேப்பரில் விளம்பரம் வரும். திட்டச் சுருக்கம் தமிழில் கலெக்டர் ஆபீஸில் இருக்கும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிச்ச கூட்டங்கள் ரெண்டுமே அந்தத் தேதியில் நடக்காமப் போச்சு. சுத்துவட்டாரத்தில் இருக்கிறவங்க நேரில் பேசலாம், மத்தவங்க எழுதி அனுப்பலாம். மைக் முன்னாடி பேரும் ஊரும் சொல்லிட்டு ஆரம்பிக்கணும். பேசுறதெல்லாம் வீடியோவில் பதிவாகும். புளியந்தோப்புன்னு சொல்லுங்க, தப்பில்லை. உங்க குளியல் தண்ணி உங்களுக்கு முன்னாடியே அங்கே போய்ச் சேர்ந்திருக்கு.